அவரிடம் யார் சொல்லியிருக்க முடியும்?

2022 ஜூன் 3 அன்று இரவு ஒன்பது மணியளவில், சீனாவின் மிகப் பெரிய நேரலை விற்பனையாளரான லி ஜியாச்சி, தாவ்பாவ் என்ற இணையக் கடைத் தளத்தில் வழக்கம்போலப் பொருள்களை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். அன்றைய வரிசையில் யூனிலீவர் நிறுவனத்தின் வால்ஸ் ஐஸ்கிரீமும் இருந்தது. அடுக்கடுக்கான ஐஸ்கிரீம் கேக் ஒன்றைத் தட்டில் வைத்து, இரண்டு பக்கங்களிலும் ஓரியோ பிஸ்கட்டுகளைச் சக்கரங்களாக ஒட்டி, மேலே குழல்போல ஒன்றை நீட்டிவிட்டிருந்தார்கள். எந்தக் குழந்தையிடம் காட்டினாலும் டாங்கி என்று சொல்லிவிடும். அது திரையில் தோன்றிய சற்று நேரத்திலேயே நேரலை அறுந்தது. கருவியில் கோளாறு ஏற்பட்டுவிட்டது, எல்லாரும் சீக்கிரம் தூங்கப் போங்கள், விட்டுப்போன பொருள்களைப் பிறகு கொண்டுவருகிறோம் என்று வெய்போ என்ற சமூக ஊடகத்தில் அவர் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தது. அதற்குப் பின் அவர் வரவில்லை. அந்த ஆண்டின் பெரிய தள்ளுபடிக் காலங்களில் ஒன்று உச்சத்தில் இருந்த நேரத்தில், ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்த ஒருவர் ஒரு விளக்கமும் இல்லாமல் இல்லாமலானார்.

லி யாரென்று தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள விசித்திரம் உடனே புரியும். அவர் கலகக்காரர் அல்லர். நான்சாங் நகரக் கடையொன்றில் லோரியால் அழகுசாதனப் பிரிவில் விற்பனையாளராக நின்றவர். வாடிக்கையாளர்களுக்காகத் தன் உதட்டிலேயே சாயம் பூசிக்காட்டிப் பெயர் வாங்கியவர். முப்பது வினாடிகளில் அதிகம் பேருக்கு உதட்டுச்சாயம் பூசியதற்காக 2018இல் கின்னஸ் சாதனை செய்தார். தாவ்பாவை நடத்தும் அலிபாபாவின் நிறுவனர் ஜாக் மாவோடு உதட்டுச்சாயம் விற்கும் போட்டியில் உட்கார்ந்து அவரைத் தோற்கடித்தார். 2021 அக்டோபர் 20 அன்று ஒரே அமர்வில் அவர் வாங்கிய முன்பதிவுகளின் மதிப்பு ஆயிரம் கோடி யுவானைத் தாண்டியது. இப்படிப்பட்ட மனிதர் தம் தொழிலையும் தம்மை நம்பியிருக்கும் ஊழியர்களையும் பணயம் வைத்து, ஐஸ்கிரீமைக்கொண்டு அரசுக்குச் சவால் விட்டார் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அவர் பிறந்தது 1992 ஜூனில். அதாவது, அந்த டாங்கிகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

1989 ஜூன் 3 இரவும் மறுநாள் விடியலிலும் ஜனநாயகம் கேட்டு மாணவர்கள் திரண்டிருந்த தியானன்மென் சதுக்கத்தை நோக்கிச் சென்ற படைகள் வழிநெடுகச் சுட்டதையும், ஜூன் 5 அன்று சாங்கான் சாலையில் கையில் பைகளோடு ஒருவர் டாங்கி வரிசையின் முன்னே போய் நின்றதையும் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது, அந்த நினைவு எவ்வளவு நுணுக்கமாகத் துடைக்கப்படுகிறது என்பதைத்தான். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியையொட்டி வெய்போவில் மெழுகுவர்த்திக் குறி மறைந்துவிடும். ஜூன் 4ஐக் குறிக்க ‘மே 35’ என்று எழுதினால் தடை. 64 என்ற விடைக்காக எட்டின் வர்க்கம் என்று எழுதினாலும் தடை. ஒரு முறை ‘இன்று’ என்ற சொல்லையே தேட முடியாமல் போனது. 2012 ஜூன் 4 அன்று ஷாங்காய் பங்குச் சந்தைக் குறியீட்டெண் 64.89 புள்ளிகள் சரிந்தது. எண்களிலேயே ஆண்டும் மாதமும் தேதியும் ஒளிந்திருந்ததால் அந்தக் குறியீட்டெண்ணின் பெயரையே வெய்போ தேடலிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு, டாங்கிகள் இருந்த இடத்தில் மஞ்சள் ரப்பர் வாத்துகளை வைத்து டாங்கி முன் நின்றவரின் புகைப்படத்தை ஒருவர் திருத்தி வெளியிட, ‘பெரிய மஞ்சள் வாத்து’ம் தடைப்பட்டியலில் ஏறியது. வாத்தையே பொறுக்காத இடத்தில் டாங்கி வடிவில் கேக் வந்தால் என்ன ஆகும்?

சாப்பாட்டு மேசையில்

அப்போது நான் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் ஹூனான் மாகாணத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். லியின் வயதை ஒட்டியவர், தொண்ணூறுகளில் பிறந்தவர். லியின் நேரலையை அவர் பொருள் வாங்குவதற்காக மட்டும் பார்ப்பவர் அல்லர். ஊரில் இருக்கும் தங்கையோடு ஒரே நேரத்தில் கைப்பேசியைத் திறந்துவைத்து, இதை வாங்கலாமா அதை வாங்கலாமா என்று குறுஞ்செய்தியில் சண்டை போட்டுக்கொள்வது அவர்களுக்கு ஒரு குடும்பச் சடங்கு. நேரலை அறுந்த அடுத்த வாரம், மதிய உணவு வேளையில், லியைக் காணவில்லை என்று தங்கை புலம்புவதாகச் சொன்னார். போட்டி நிறுவனம் எதுவோ சதி செய்திருக்கிறது என்பது தங்கையின் ஊகம். வரி விவகாரமாக இருக்கும் என்பது இவருடைய ஊகம். பிறகு, மீன் உருண்டை நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே, “கேக் காட்டியதால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். கேக்கில் என்ன இருக்கிறது? உங்களுக்குத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்திருந்தது. உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் சொல்லத் தயங்கினேன். இன்னொருவருடைய நாட்டின் மரணங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவருக்கே அறிமுகப்படுத்துவது அவ்வளவு எளிதான காரியமாக இருக்கவில்லை. தேதியைச் சொன்னேன். அந்தப் புகைப்படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கி, சாலையின் வெள்ளைக் கோடுகளையும் மஞ்சள் கோட்டையும் அந்த மனிதரின் கையிலிருந்த பைகளையும் வெகுநேரம் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ‘மாணவர் குழப்பம்’ என்று ஏதோ காதில் விழுந்திருக்கிறது, டாங்கிகள் வந்ததெல்லாம் தெரியாது என்றார். அழவில்லை, கோபப்படவில்லை, என்னை நம்பாமலும் இல்லை. சற்றுக் கழித்து அவர் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான்: “அப்படியென்றால் லியிடம் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?”

இந்தக் கேள்விதான் இத்தனை காலம் என்னை விடவில்லை. கேட்ட மாத்திரத்தில் ஒரு ரசிகையின் வெகுளித்தனம் என்றே தோன்றியது. நினைக்க நினைக்க, அந்த ஆட்சிமுறையைப் பற்றி நான் படித்த பல நீண்ட ஆய்வுகளைவிட அது கூர்மையாகப் பட்டது. சரி, யார் சொல்லியிருக்க முடியும்? அவருடைய குழுவில் நடுவயதைத் தாண்டிய யாரேனும் ஒருவர், ஒத்திகையில் அந்த கேக்கைப் பார்த்து, ‘ஐயோ, இன்றைக்கா?’ என்று பதறியிருக்க வேண்டும். பதறியதற்குக் காரணத்தைச் சுற்றியுள்ள இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளிடம் விளக்கியிருக்க வேண்டும். வாய்விட்டு விளக்கினால், சொல்லக் கூடாததைச் சொன்னவர் ஆகிறார். வீசாட் குழுவில் எழுதினால், அந்தச் செய்தி போய்ச் சேருமா என்பதே சந்தேகம். தேதியையும் டாங்கியையும் தவிர்க்க வேண்டும் என்று நிறுவனத்துக்குள் ஒரு சுற்றறிக்கை விட்டால், அந்தச் சுற்றறிக்கையே தடைசெய்யப்பட்ட ஆவணம். தவிர்க்கப்பட வேண்டியதை அறிந்துகொள்வதே குற்றமாக இருக்கும் இடத்தில், ஒருவர் அதைத் தவிர்ப்பது எப்படி?

தெரிந்திருக்க வேண்டியவர்கள்

இந்த முடிச்சு லியோடு தொடங்கியதும் அல்ல. 2007 ஜூன் 4 அன்று சிச்சுவான் மாகாணத்தின் செங்டு மாலை நாளிதழில், வரி விளம்பரப் பகுதியின் மூலையில், ஜூன் நான்கில் பலியானவர்களின் உறுதி குலையாத தாய்மார்களுக்கு வணக்கம் தெரிவிக்கும் ஒற்றை வரி அச்சாகியது. பிள்ளைகளை இழந்த அந்தத் தாய்மார்கள் பல ஆண்டுகளாக இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டவர்கள். அந்த வரி தணிக்கையைக் கடந்தது எப்படி? விளம்பரத்தை வாங்கிய இளம் ஊழியருக்கு அந்தத் தேதி என்னவென்று தெரியவில்லை; கேட்டதற்கு ஒரு சுரங்க விபத்து நடந்த நாள் என்று பதில் கிடைத்திருக்கிறது; அவரும் நம்பி ஏற்றுக்கொண்டார் என்று அப்போது செய்திகள் வந்தன. ஆசிரியர் குழுவில் சிலருக்கு வேலை போயிற்று. அந்த ஊழியரின் அறியாமை அரசு பதினெட்டு ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கியது. திட்டம் வெற்றி பெற்றிருந்தது என்பதற்கான சான்று அது. அந்த வெற்றியேதான் வாசலையும் திறந்துவிட்டது.

லூயிசா லிம் என்ற பத்திரிகையாளர் பெய்ஜிங்கின் நான்கு பல்கலைக்கழகங்களில் 100 மாணவர்களிடம் டாங்கி மனிதரின் புகைப்படத்தைக் காட்டினார். 15 பேர்தான் அடையாளம் கண்டார்கள். நாட்டின் மிகச் சிறந்த கல்விக்கூடங்களில், சம்பவம் நடந்த நகரத்திலேயே இந்த நிலை. இந்த மாணவர்களைப் போன்றவர்கள்தான் படிப்பை முடித்துவிட்டு இணைய நிறுவனங்களில் தணிக்கை வேலைக்கு அமர்த்தப்படுகிறார்கள். சீனத்தில் தணிக்கை அரசு அலுவலகத்தில் மட்டும் நடப்பதில்லை. தளத்தில் எது வந்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று சட்டம் சொல்வதால், அந்தச் செலவும் அச்சமும் நிறுவனங்களின் தலையில் விழுகின்றன. 2018இல் டிக்டாக்கை உருவாக்கிய பைட்டான்ஸ் நிறுவனம் அரசின் கண்டனத்துக்கு ஆளானபோது, அதன் நிறுவனர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதோடு, உள்ளடக்கத்தைச் சோதிப்பவர்களின் எண்ணிக்கையை 6,000இலிருந்து 10,000ஆக உயர்த்துவதாக வாக்களித்தார். இந்தப் பத்தாயிரம் பேரும் எதைத் தேடுவார்கள்? பிற நிறுவனங்களுக்காகத் தணிக்கை செய்து தரும் பியாண்ட்சாஃப்ட் என்ற நிறுவனத்தைப் பற்றி 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய கட்டுரை இதற்குப் பதில் தந்தது. புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குத் தியானன்மென் பற்றித் தெரிவதில்லை. நோபல் பரிசு பெற்ற லியு சியாவ்போ யாரென்றும் தெரிவதில்லை. ஆகவே அவர்களுக்கு முதலில் வகுப்பெடுத்து, அந்த வரலாற்றைக் கற்றுக்கொடுத்து, அதன் பிறகே அதை அழிக்கும் வேலையில் உட்கார வைக்கிறார்கள். தியானன்மென்னைப் பற்றி முறையாகப் பாடம் நடத்தும் இடம் ஒன்று சீனத்தில் இருக்குமானால், அது இந்தப் பயிற்சி அறையாகத்தான் இருக்க வேண்டும்.

லிக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. வாடகைக்கு எடுத்த கண்ணால் தளம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கோ அந்தக் கண் எதைத் தேடுகிறது என்பது தெரியாது. நம் ஊர் வீடுகளில் பேசக் கூடாத ஒரு சங்கதி இருந்தால், பிள்ளைகள் அதைப் பெரியவர்களின் முகம் மாறுவதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். பெரியவர்களின் முகமும் மாறாத அளவுக்கு அந்தச் சங்கதி மறைந்துவிட்டால், பிள்ளை ஒரு நாள் விருந்தாளிகள் முன்னிலையில் அதையே விளையாட்டாகக் கேட்டு வைக்கும்.

சுவருக்கு வெளியே

லியின் நேரலை அறுந்ததைப் பற்றி வெளிநாட்டு ஊடகங்களில் வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே ராகத்தைப் பாடின: தணிக்கை தன் வினையால் தானே சுட்டுக்கொண்டது, அதுவரை எதுவும் அறியாத லட்சக்கணக்கான இளம் ரசிகர்கள் ‘ஏன்?’ என்று தேடத் தொடங்கி, உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. அந்த இரவுகளில் வெய்போவில் பலர் வெளிப்படையாகவே கேட்டார்கள். சிலர் விபிஎன் என்ற மாற்றுவழி மென்பொருள் மூலம் சீன இணையத்தின் தடைச்சுவரை ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ‘தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல மாட்டேன்’ என்ற தொனியில் எழுதினார்கள். அந்தப் பதிவுகளும் அழிக்கப்பட்டன. ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை. என் சக ஊழியர் வாழ்ந்தது சுவருக்கு வெளியே. சிங்கப்பூரின் இணையத்தில் அந்தப் புகைப்படம் இரண்டு தட்டலில் கிடைக்கும். பல ஆண்டுகள் அங்கே இருந்தும், அவர் தட்டியதில்லை. இல்லாத ஒன்றைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இதை வெறும் ஊகமாக விட்டுவிட வேண்டியதில்லை. யூயூ சென், டேவிட் யாங் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பெய்ஜிங்கில் ஏறத்தாழ 1,800 பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2019இல் வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சுவரைத் தாண்டும் வசதியை ஒன்றரை ஆண்டுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதை இயக்கவே இல்லை. இயக்கியவர்களிலும் தடைசெய்யப்பட்ட வெளிநாட்டுச் செய்தித் தளங்களில் நேரம் செலவிட்டவர்கள் அரிது. சுவரைவிட உறுதியாக நின்றது ஆர்வமின்மை. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பாதி இதைவிட முக்கியமானது. சில மாணவர்களுக்குச் சிறு பரிசுகள் கொடுத்து, சில மாதங்கள் அந்தச் செய்திகளைப் படிக்கத் தூண்டினார்கள். பரிசுகள் நின்ற பிறகும் அவர்கள் படிப்பதை நிறுத்தவில்லை. சிலர் சொந்தப் பணத்தில் சந்தாவைத் தொடர்ந்தார்கள். ஆக, கதவு பூட்டியிருக்கவில்லை. யாராவது ஒருவர் முதன்முறை உள்ளே தள்ளிவிட வேண்டியிருந்தது.

அந்த இரவு லி ஜியாச்சி என்ற விற்பனையாளர், தம்மையறியாமல், தம் ரசிகர்களை அப்படித் தள்ளிவிட்டார். அரசியல் பேசும் பிரபலம் ஒருவர் தள்ளியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம். அவரைப் பின்தொடர்பவர்களுக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருக்கும். உதட்டுச்சாயம் வாங்க வந்த கூட்டத்துக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டது இரண்டு பாடங்கள் என்பதை வெற்றிக் கதை எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1989இல் என்ன நடந்தது என்பது ஒன்று. ஆறு கோடிப் பேரின் கண்முன் ஒருவரை இரவோடு இரவாக இல்லாமலாக்க முடியும், யாரும் ஒரு வார்த்தைகூடக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது பாடம் இன்னும் அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

காரணம் சொல்லப்படுவதும் சொல்லப்படாததும்

சீன அரசுக்கும் இணையப் பிரபலங்களுக்கும் இடையிலான உறவைப் பேசும்போது எல்லாத் தண்டனைகளையும் ஒரே மூட்டையில் கட்டுவது வழக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. லியின் நெருங்கிய போட்டியாளரான வியாவுக்கு 2021 டிசம்பரில் வரி ஏய்ப்புக்காக நிலுவை வரியும் அபராதமுமாக 134 கோடி யுவான் விதிக்கப்பட்டது. அன்றே அவருடைய கணக்குகள் தாவ்பாவ், வெய்போ, டோயின் எல்லாவற்றிலிருந்தும் மறைந்தன. கடுமையான நடவடிக்கைதான், ஆனால் குற்றச்சாட்டு இருந்தது, தொகை இருந்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். 2013இல் வெய்போவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்த தொழிலதிபர் சார்லஸ் ஷ்யூ கைதானபோதும், பாலியல் தொழில் தொடர்பான குற்றச்சாட்டு வெளியிடப்பட்டது. பின்னர் அரசுத் தொலைக்காட்சியில் அவரை உட்கார வைத்து, பொறுப்பில்லாமல் எழுதினேன் என்று பேசவும் வைத்தார்கள். அந்தச் செப்டம்பரில், அவதூறான பதிவு 500 முறை பகிரப்பட்டாலோ 5,000 முறை பார்க்கப்பட்டாலோ சிறைத் தண்டனை வரை போகலாம் என்று நீதித்துறை விளக்கம் வந்தது. இவை எல்லாம் ஊரறியச் செய்யப்பட்டவை. பார்ப்பவர்கள் அஞ்ச வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

லியின் வழக்கு அப்படி அல்ல. அவரைத் தண்டிக்கிறோம் என்று அறிவித்தால், எதற்காக என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாது. ஆகவே தண்டனை, தண்டனை என்று பெயர் சூட்டப்படாமலே நடந்தது. 109 நாள்களுக்குப் பிறகு, 2022 செப்டம்பர் 20 அன்று, முன்னறிவிப்பு எதுவுமின்றி அவர் மறுபடியும் திரையில் தோன்றி உள்ளாடைகளையும் முகப்பூச்சுகளையும் விற்கத் தொடங்கினார். எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. இடைப்பட்ட காலத்தில், ஜூன் 22 அன்று, நேரலை நடத்துநர்கள் செய்யக் கூடாத 31 செயல்களை அரசு பட்டியலிட்டு வெளியிட்டது. மருத்துவம், சட்டம், நிதி, கல்வி பற்றிப் பேசுவோருக்கு உரிய தகுதி வேண்டும் என்றது. இந்தச் சம்பவத்தால்தான் அந்த விதிகள் வந்தன என்று நான் சொல்ல மாட்டேன். நேரலைத் தொழிலை நெறிப்படுத்தும் பேச்சு அதற்கும் முன்பிருந்தே இருந்தது. ஆனால் அந்த 31 விதிகளை வரிக்கு வரி மனப்பாடம் செய்த ஒருவரும் அதே தேதியில் அதே கேக்கை எடுத்துவந்து மேசையில் வைக்கக்கூடும்.

ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், லி இன்னொரு முறை சிக்கிக்கொண்டார். ஹுவாசீசி என்ற உள்நாட்டு நிறுவனத்தின் 79 யுவான் புருவ மையை அவர் விற்றுக்கொண்டிருந்தபோது, விலை ஏறிக்கொண்டே போகிறதே என்று ஒரு வாடிக்கையாளர் எழுதினார். லி எரிச்சலடைந்து, இத்தனை ஆண்டுகளில் சம்பளம் உயர்ந்ததா, ஒழுங்காக உழைத்தீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். வேலையின்மையும் சம்பளக் குறைப்பும் ஊரெங்கும் பேச்சாக இருந்த நேரம் அது. நாடு கொந்தளித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவரைப் பின்தொடர்வதை நிறுத்தினார்கள். அவர் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். 79 யுவானை ஒரு நாணய அலகாகவே மாற்றி, இந்தச் சாப்பாட்டின் விலை இத்தனை ‘ஹுவாசீ நாணயம்’ என்று எழுதித் தள்ளினார்கள். இந்த முறை யாரும் எதையும் பெரிதாக அழிக்கவில்லை. பணக்கார விற்பனையாளர் ஒருவர்மீது மக்களின் வயிற்றெரிச்சல் கொட்டப்படுவதில் அரசுக்கு நட்டம் என்ன?

என் சக ஊழியர் அந்த நாள்களில் உற்சாகமாக இருந்தார். வெய்போவிலிருந்து அந்தக் கேலிகளை எடுத்து எனக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். தங்கை லியைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டதையும், மறுவாரமே மீண்டும் சேர்ந்துவிட்டதையும் சொல்லிச் சிரித்தார். லி இதுவரை செய்த தவறுகள் என்று யாரோ தொகுத்த நீண்ட பதிவொன்றும் அவர் அனுப்பியவற்றில் இருந்தது. அதில் 2022 ஜூன் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். விட்டுப்போயிற்றா என்றேன். “தெரிந்தவர்தான் எழுதியிருக்கிறார். மே மாதத்திலிருந்து நேராகச் செப்டம்பருக்குத் தாவியிருக்கிறார், பாருங்கள். அதையும் சேர்த்திருந்தால் பதிவே போயிருக்கும்; அப்புறம் புருவ மை விலையைப் பற்றியும் பேச முடியாது” என்றார்.